கரியரில் வந்த முதல் ஐந்து பேர்

போன சனிக்கிழமை ஒரு பெண்ணின் கெண்டைக்காலிடம் மன்னிப்புக் கேட்கவேண்டி வந்தது. ஏன் என்று சொல்கிறேன். கேட்டபின் நீங்களும் என்னைத் திட்டலாம்.

எங்கள் கொக்குவில் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு நான்தான் மனேஜர். பெரிதாக ஒன்றுமில்லை, லிஸ்ட் போடுபவள். தண்ணீர்ப் போத்தல் யார், பந்துக்குக் காற்றடிப்பது யார், இருட்டுவதற்குள் வந்துவிடுவோம் என்று எந்த அம்மாவிடம் யார் சொல்வது... எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு தாள் இருக்கும்.

சனிக்கிழமை வட்டுக்கோட்டையில் அரையிறுதி. ஏழு கட்டை, அதாவது ஏழு மைல் தூரம். வான் பிடிப்பதா? பெற்றோலே கிடைக்காத நாளில் எதை ஊற்றி? ஆடுபவர்கள் பத்துப் பேர். அவர்களிடம் நம்பிப் போகக்கூடிய ரயர் உள்ள சைக்கிள்கள் ஐந்து. ஆகவே டபிள்ஸ், ஒரு சைக்கிளில் இரண்டு பேர்.

நான் போட்ட லிஸ்ட் இதுதான்: முதலில் இறங்கி ஆடும் ஐந்து பேரும் பின் கரியரில். ரிசேவ் ஐந்து பேரும் மிதிக்கவேண்டும். ஆடப்போகிற கால்கள் களைக்கக் கூடாதல்லவா? எங்கள் பயிற்சியாளர் — மாஸ்ரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம் — தாளைப் பார்த்துவிட்டு நல்ல யோசனை என்றார். எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

அணித்தலைவி ஷாமினியை ஏற்றி வந்தவள் தவமலர். இரண்டு வருடமாக ரிசேவ். ஒரு போட்டியில்கூட உள்ளே இறங்கியதில்லை. ஒரு நாள் பயிற்சிக்கு வராமல் விட்டதும் இல்லை. பயிற்சியில் ரிசேவ்காரர்கள்தான் எதிரணி. எதிரணி எப்படி ஆடுமோ அப்படியே ஆடிக் காட்டவேண்டும். வட்டுக்கோட்டை அணியில் ஒரு நெட்டைப் பெண் இருக்கிறாள். இடது பக்கம் திரும்புவதுபோல் காட்டி, வலது பக்கத்தால் எறிவாள். இரண்டு வாரமாக எங்களுக்கு மலர்தான் அந்த நெட்டைப் பெண். உயரம் போதாததால் ஒரு கையைத் தூக்கிக்கொண்டே ஓடுவாள். எல்லோரும் சிரிப்போம்.

சோளகக் காற்று நேரே முகத்தில் அடித்தது. மானிப்பாய் தாண்டும்போது, மூச்சு வாங்கிக்கொண்டே மலர் என் சைக்கிளுக்குப் பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, இண்டைக்கு என்னை இறக்குவியளோ?"

"பாப்பம்" என்றேன்.

எங்கள் ஊரில் பெரியவர்கள் 'பாப்பம்' என்றால் அது எவ்வளவு தூரம் போகும் என்று உங்களுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். முன்னால் பார்த்து மிதித்தாள்.

ஆட்டம் முடிய ஒன்பது நிமிடம் இருக்கும்போது ஷாமினிக்கு ஐந்தாவது ஃபவுல். வெளியே வரவேண்டியதுதான். அப்போது நாங்கள் எட்டுப் புள்ளி பின்னால். ரிசேவ்காரர்கள் இருந்த வாங்கை மாஸ்ரர் திரும்பிப் பார்த்தார். மலரைக் கைகாட்டினார்.

பிறகு நடந்ததை நான் எழுதினால் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். அவள் ஒரு கூடையும் போடவில்லை. ஆனால் அந்த நெட்டைப் பெண் இடது பக்கம் திரும்புவதுபோல் காட்டியபோது, மலர் ஏற்கெனவே வலது பக்கத்தில் நின்றாள். ஒரு முறை அல்ல, நான்கு முறை பந்தைத் தட்டிப் பறித்தாள். இரண்டு வாரம் அந்தப் பெண்ணாகவே வாழ்ந்தவளுக்கு அவள் அடுத்து என்ன செய்வாள் என்று தெரியாதா? வித்தியாசம் ஒரே ஒரு புள்ளியாகக் குறைந்தது.

கடைசி நிமிடம். கூடைக்குக் கீழே மலர் தனியாக நிற்கிறாள். அவளை நோக்கிப் பந்து வருகிறது. பாய்ந்து பிடிக்கக் காலை எடுத்தவள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். பந்து கோட்டுக்கு வெளியே போனது. ஆட்டமும் போனது.

கெண்டைக்கால் கல்லாக இறுகியிருந்தது. நான் எண்ணெய் தேய்த்தேன். வாங்கில் மற்ற நான்கு ரிசேவ்காரர்களும் தங்கள் கால்களைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் தொழில்நுட்பக் கல்லூரியில் பல்லுச்சக்கரமும் கப்பியும் படிப்பிப்பவள். சக்தி சும்மா வராது, எங்கிருந்தோ எடுக்கப்படுகிறது என்று கரும்பலகையில் எழுதிப் போடுபவள். என் லிஸ்டில் அது எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்று மட்டும் நான் பார்க்கவில்லை. வெளியே இருப்பவர்கள் சும்மா இருக்கிறார்கள் என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம், இல்லையா?

மன்னிப்புக் கேட்டேன். மலர் தலையைக் குனிந்துகொண்டு, "பந்து கைக்கு வந்ததுதானே அக்கா, நான்தான் விட்டிட்டன்" என்றாள்.

பின்னால் ஷாமினி நின்றாள். "அதைப் பிடிச்சிருந்தா வெண்டிருப்பம். ரிசேவ் எண்டா ரிசேவ்தான்."

யாரும் மறுக்கவில்லை. மாஸ்ரர்கூட எங்கோ பார்த்தார். இனிமேல் மலரை இறக்கமாட்டார் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. இரண்டு வருடக் காத்திருப்பு ஒரு பந்தோடு முடியப்போகிறது.

"அவளிலை பிழையில்லை" என்றேன். "லிஸ்ட் போட்டது நான். எதிர்காத்திலை ஏழு கட்டை உன்னை ஏத்திக்கொண்டு வந்த கால் இது. உன்ரை கால் களைக்காமல் இருந்தது இந்தக் காலாலைதான்."

மூன்றாம் இடத்துக்கான அடுத்த ஆட்டத்துக்கு மலரை முதல் ஐந்தில் போட்டுப் பார்க்கலாமா என்று மாஸ்ரரிடம் கேட்டேன். அவர் 'பாப்பம்' என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து, "சரி, போடு" என்றார்.

புறப்படும்போது மலரின் சைக்கிளை ஷாமினி பிடித்துக்கொண்டு நின்றாள். தன் சைக்கிளில் முன் பிரேக் பிடிக்காது என்று மலர் தடுத்தாள்.

"ஏறு எண்டா ஏறன்" என்று ஷாமினி பின் கரியரைத் தட்டினாள்.

காற்று இப்போது முதுகுப் பக்கம்தான். ஆனாலும் அரைக் கட்டை போவதற்குள் ஷாமினி இறங்கிவிட்டாள். சைக்கிளை மரத்தில் சாய்த்து, இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினாள்.

"எப்பிடியடி நீ என்னை வைச்சு ஓடினனீ?"

"நீ பேசாமல் இருந்தா லேசு. வழி முழுக்கப் பாட்டுப் பாடி ஆடிக்கொண்டெல்லோ வந்தனீ."

இருவரும் சிரித்தார்கள். இரண்டு வருடத்தில் ஒருவர் மலரிடம் 'எப்படிச் செய்தாய்?' என்று கேட்டது அதுதான் முதல் தடவை.