நெயில் பாலிஷ் கோடு

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. காவிரிப் பாலத்தின் நடுவில் என் மனைவி கோமதியின் ஸ்கூட்டரிலிருந்து ஒரு போல்ட் கழன்று விழுந்துவிட்டது. முன்பக்க மட்கார்டு சரிந்து டயரில் உரச, எப்படியோ ஓரம் கட்டி நிறுத்தியிருக்கிறாள். அடி ஒன்றும் இல்லை. ஆடிப்போனது நான்தான்.

கோமதி காட்டூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். வீடு ஸ்ரீரங்கத்தில். போக நாற்பது நிமிஷம், வர நாற்பது நிமிஷம். நானோ ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுகிறவன்.

அன்றிலிருந்து எனக்கு இரண்டு பழக்கங்கள் வந்தன. ஒன்று, ஞாயிறுதோறும் ஸ்பானரும் கையுமாக வண்டியின் எல்லா போல்ட்டையும் முறுக்குவது. இன்னொன்று, அவள் கிளம்பியதும் கூடவே போவது... மனசால்தான்.

அம்மா மண்டபம் ரோட்டில் அவளோடு திரும்புவேன். பாலத்தில் ஏறியதும் ஆற்றுக் காற்று என் முகத்திலும் படும். தண்ணீரில் வெயில் மிதக்கும். மலைக்கோட்டை பனியில் பாதி கரைந்து நிற்கும். பின்சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வேன். பாலத்து இணைப்பில் வண்டி 'டக்' என்று குதிக்கும் — கனவு கலைந்துவிடும். உடனே போன். "எங்க இருக்க?" பால்பண்ணை ரவுண்டானா வந்திருப்பாள் என்று தோன்றும்போது இன்னொரு போன்.

நாலாவது வாரம் மட்கார்டு மறுபடி ஆடியது. அத்தனை முறுக்கியும்!

எங்கள் தெரு மெக்கானிக் ரபீக் பாய் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தார். மரை முழுக்கத் தேய்ந்திருந்தது. யார் இப்படி முறுக்கியது என்று கேட்டார். கோமதி என்னைப் பார்த்தாள்.

புது போல்ட்டின் மரையில், கழலாமல் பிடித்துக்கொள்ளும் நீலப் பசை ஒரு சொட்டு விட்டு, அளவாக முறுக்கினார். பிறகு ஒரு சிவப்பு நெயில் பாலிஷ் பாட்டிலை எடுத்து, போல்ட் தலையிலிருந்து மட்கார்டு வரை ஒரு கோடு இழுத்தார். போல்ட் அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடுமாம்.

"கோடு நேரா இருந்தா தொடாதீங்க சார். பாத்தா போதும்."

பார்த்தால் போதும் — எவ்வளவு கஷ்டமான வேலை!

திரும்பி வரும்போதுதான் கோமதி அதைச் சொன்னாள். போன வாரம் என் போனை எடுக்கப் பாலத்தில் ஓரம் கட்டியபோது, ஒரு பஸ் அவள் துப்பட்டாவை உரசிக்கொண்டு போயிருக்கிறது.

"போல்ட் கழண்டப்பகூட நான் அவ்வளவு பயப்படலைங்க."

நம்மில் பலர் பயத்துக்கு அக்கறை என்று பெயர் வைத்துக்கொள்கிறோம், இல்லையா?

இந்தத் திங்கட்கிழமை எட்டு மணிக்கு அவள் கிளம்பியதும், கை வழக்கம்போல மேஜையில் இருந்த போனுக்குப் போனது. அப்படியே நின்றுவிட்டேன். போன் கவரிலிருந்து மேஜை வரை ஒரு சிவப்புக் கோடு. பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம். 'தொடாதீங்க. ஸ்கூலுக்குப் போய் நானே கூப்பிடறேன்.'

உட்கார்ந்தேன். பாலம் வந்தது, காற்று வந்தது, தண்ணீரில் வெயில் வந்தது. 'டக்'... கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டரை ஆயிற்று. எட்டு நாற்பது. எட்டு நாற்பத்தைந்து...

போன் அடித்தது. பாய்ந்து எடுத்தேன், கோடு உடைந்தது.

இவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் உடைத்ததில்லை.