"வழமையா" எண்டால் எண்டைக்கு?

என் எழுத்து ஏறியும் இறங்கியும் கிடக்கும். அச்சில் வந்த பிறகு அது உங்கள் கண்ணுக்குத் தெரியாது. இந்தத் தாள்களைப் பார்த்து அச்சடிப்பவர்தான் என்னை மன்னிக்க வேண்டும். எழுபத்திரண்டு வயதில் பேனா பிடித்தவன் நான். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது போய்விடுகிறது. ஆனாலும் 'ழ' போட்டு அதன் வால் சரியாக வந்துவிட்டால், வரப்பில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டத் தோன்றும் சந்தோஷம். தவமணி மிஸ்ஸின் முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் சந்தோஷம் என்ற சொல் வரக்கூடாது. வந்துவிட்டது. வெட்டாமல் விடுகிறேன்.

செய்தி தொலைபேசியில் வந்தது. எங்கள் ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்பின் செயலாளர் எடுத்தார்.

"ஐயா, மிஸ் போட்டா."

"எங்கங்க, யாழ்ப்பாணத்துக்கா? பொங்கலுக்கு முன்னாடி வந்துடுவாங்களா?"

"ஐயா, மிஸ் மோசம் போட்டா" என்றார்.

நான் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இளவயதில் கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சிக்கு வந்து நெல் விதைத்தவன். இத்தனை வருடம் இங்கே இருந்தும், 'போட்டா' என்றால் எங்கேயோ போயிருக்கிறார், திரும்பி வருவார் என்றுதான் என் காதில் விழுந்தது. 'மோசம்' என்ற சொல் வந்த பிறகுதான் இறந்துவிட்டார் என்று விளங்கியது.

மிஸ் எங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியராக இருந்தவர். அவர் முதன்முதலில் என் வயலுக்கு வந்தது, என் நெல் வட்டம் வட்டமாக எரிந்ததுபோலக் காய்ந்த ஒரு காலபோகத்தில், மாரி விதைப்புப் பருவத்தில். காரணத்தை நான் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

"சிலந்திதாங்க மிஸ். எரிஞ்ச இடத்துல எல்லாம் வழமையா சிலந்தி நிக்குது. ரெண்டு தரம் மருந்து அடிச்சேன். சிலந்தி செத்துச்சு. ஆனா வட்டம் பெருசாகிட்டே போகுதுங்க."

மிஸ் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினார். முழங்காலில் நின்று நெல்லின் அடியை விலக்கினார். "இஞ்ச வந்து குனியுங்கோ ஐயா. நிண்டுகொண்டு பார்த்தால் சிலந்திதான் தெரியும்."

குனிந்தேன். தண்ணீருக்குச் சற்று மேலே, தவிட்டு நிறத்தில், தூள் ஒட்டியதுபோலப் பூச்சி.

"அறக்கொட்டி. இதுதான் நெல்லைக் குடிக்குது. சிலந்தி இதைத் தின்ன வந்தது. கள்ளன் நிக்கிற இடத்திலதானே பொலிசும் நிக்கும்? நீங்கள் பொலிசை அடிச்சுக் கலைச்சுப்போட்டு நிக்கிறியள்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு, "நீங்கள் கண்டது சரி ஐயா. நினைச்சதுதான் பிழை" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அந்த வயலில் எனக்கு இருந்த அனுபவம் அவருடைய வயதுக்குக் கிட்ட வரும். அது ஒருதரம் குனிந்ததில் போய்விட்டது. வீம்புக்கு உடனே பனிக் கதையை எடுத்தேன்.

"அறக்கொட்டி எப்ப வரும்னு எனக்குத் தெரியுங்க. சேர்ந்தாப்ல மூணு நாள் பனி பெஞ்சா வழமையா வந்துடும்."

"வழமையா எண்டால் எண்டைக்கு?"

"எப்பவும்தாங்க."

"போன வருசம் மூண்டு நாள் பனி பெய்ததோ?"

"பெஞ்சுச்சு."

"பூச்சி வந்ததோ?"

"வரல. ஆனா அது வேற விஷயங்க."

"வராததெல்லாம் உங்களுக்கு வேற விசயம்! வந்த நாளை மனம் பொத்தி வைக்கும் ஐயா. வராத நாளை ஆரும் வைக்காயினம். அதுக்குத்தான் கொப்பி."

தன் பையிலிருந்து ஒரு புதுக் கொப்பியை எடுத்து, நடுவே கோடு போட்டுத் தந்தார். இந்தப் பக்கம் பனி, அந்தப் பக்கம் பூச்சி. இல்லையென்றால் 'இல்லை' என்று எழுத வேண்டும்.

கொப்பியை வாங்கினேன். எனக்கு எழுதத் தெரியாது என்று சொல்லவில்லை. பக்கத்தில் நாலைந்து பேர் நின்றார்கள்.

அதன் பிறகு என்னைக் கண்ட இடமெல்லாம், "கொப்பி எங்க?" என்பார். "மறந்துட்டேங்க" என்பேன். ஒருநாள் கூட்டத்தில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "ஐயாவுக்கு எல்லாம் தெரியும் எண்ட நினைப்பு. அதுதான் எழுத மாட்டாராம்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எழுதத் தெரியாதவன் என்ற பெயரைவிட, திமிர் பிடித்தவன் என்ற பெயர் எனக்குச் சுகமாக இருந்தது. இதை வாசிக்கும் உங்களில் பலருக்கும் அவர் என்னைப் பற்றி அப்படித்தான் சொல்லியிருப்பார். அவர்மீது பிழையில்லை. கண்டதைச் சரியாகத்தான் கண்டார். காரணத்தை நான் மறைத்து வைத்தேன்.

அவர் ஓய்வுபெற்றுக் கிளிநொச்சி நகரத்துக்குப் போன பிறகு, எங்கள் பொது மண்டபத்தில் பெரியவர்களுக்கு மாலை வகுப்புத் தொடங்கினார்கள். முதலில் என் பெயரை எழுதினேன். இரண்டாவதாக எழுதக் கேட்ட சொல் 'பனி'. சொல்லித் தந்த பிள்ளைக்கு ஏன் என்று விளங்கவில்லை. அலுமாரியில் கிடந்த கொப்பியை எடுத்தேன். ஓரம் பழுத்திருந்தது. கோடு அப்படியே இருந்தது.

மூன்று காலபோகம் எழுதினேன். போன ஐப்பசியில் மிஸ்ஸுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"மிஸ், கொப்பி முடியப் போகுதுங்க."

"எந்தக் கொப்பி?"

"நீங்க கோடு போட்டுக் குடுத்ததுதான்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "கடவுளே! ஏன் ஐயா இவ்வளவு காலம்?"

"நேர்ல வந்து சொல்றேங்க. வடிவா எழுதிக் கொண்டு வாறேன்."

"வடிவு வேண்டாம். சேறு பட்டதையே கொண்டு வாங்கோ."

நான் கேட்கவில்லை. என் கோணல் எழுத்தை அவரிடம் காட்ட வெட்கப்பட்டு, வேறு கொப்பி வாங்கி முழுவதையும் திருப்பி எழுதத் தொடங்கினேன். பொங்கலன்று கொண்டுபோய்க் கொடுப்பதாகக் கணக்கு. பாதி கடந்திருந்தேன். பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது அந்தத் தொலைபேசி வந்தது. பேருந்தில் ஏறினால் அரை மணித்தியாலத்தில் அவர் வீடு. என்மேல் எனக்கு வருகிற எரிச்சலை எழுத, நான் கற்ற எழுத்துகள் போதவில்லை.

கொப்பி சொல்வதை இப்போது யாரிடம் சொல்வது? மூன்று நாள் பனி பெய்தது பல தடவை. அதன் பிறகு பூச்சி வந்தது இரண்டு தடவைதான். பனியே இல்லாமல் ஒருதடவை வந்தது. வந்த மூன்று தடவையும் ஒரே மூலையில், மதகுப் பக்கம். யூரியா எறிந்து முடித்ததும், மிஞ்சியதை வீட்டுக்குச் சுமக்க அலுப்புப்பட்டு நான் கொட்டிவிடுகிற மூலை அது. எத்தனை வருடம் அந்த இடத்தை மிதித்திருப்பேன்! எழுதிப் பார்த்த பிறகுதான் கண்டேன். யூரியா கூடின இடத்துக்குத்தான் பூச்சி வருகிறது என்று மகனிடம் சொன்னேன். "சரிப்பா" என்றான். சண்டை பிடிக்கத் தெரியாத பிள்ளை. மிஸ் என்றால், ஒரு மூலையை வைத்துக்கொண்டு கதைக்க வேண்டாம், மற்ற மூலையிலும் கொட்டிப் பாருங்கள் என்றிருப்பார். அதையும் நானாக நினைக்கிறேன். கேட்டால்தானே தெரியும்.

மலர்களில் எல்லாம் 'எப்போதும் சிரித்த முகம்' என்று எழுதுகிறார்கள். நானும் எழுதிவிட்டு வெட்டினேன். எனக்குத் தெரிய மிஸ் சிரித்தது இரண்டு தடவை: சிலந்திக்கு ஒன்று, கொப்பிக்கு ஒன்று. மற்ற நாட்களில் என்னோடு முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் நின்றார்.

முப்பத்தோராம் நாளன்று சேறு பட்ட கொப்பியைத்தான் கொண்டுபோய் அவர் வீட்டில் வைக்கப் போகிறேன். திருப்பி எழுதத் தொடங்கிய கொப்பியில் மிச்சப் பக்கங்கள் இருக்கின்றன. அவற்றின் நடுவே நானே கோடு போட்டிருக்கிறேன். அது கொஞ்சம் வளைந்துவிட்டது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கோடும், 'எண்டைக்கு?' என்ற கேள்வியும்.

நாளைக்கும் பனி பெய்யும்போல இருக்கிறது. 'போல' என்பதை மிஸ் ஒத்துக்கொள்ள மாட்டார். விடியட்டும், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.