புளி போட்டுத் தேய்த்த சென்சார்

ஆயுதபூஜை காலையில் டிரைவர் தாமோதரன் வீட்டு வாசலில் எங்கள் ஆபீஸ் வேன் வாழைக்கன்றும் மாலையுமாக நின்றது. உள்ளே எட்டிப் பார்த்தேன். இரண்டு வருஷம் கடலடியில் கிடந்துவிட்டு வந்த சென்சார்கள் சந்தனம் குங்குமத்தோடு புதுமாப்பிள்ளை மாதிரி பளபளத்தன.

"என்ன தாமு இது?"

"என் சம்சாரம் சரளாதான் சார். பாசி பிடிச்சி நாறிகினு இருந்துச்சாம். புளி போட்டுத் தேச்சிட்டா."

வேனில் ஏறி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். பாசியின் சுவடே இல்லை.

வங்காள விரிகுடாவின் ஆழத்தில் உப்பையும் வெப்பத்தையும் அளப்பவை அவை. கடல்களைச் சுற்றிவரும் பெரிய நீரோட்டம் மாறுகிறதா என்று இப்படிப் பல வருஷ அளவுகளைச் சேர்த்துத்தான் சொல்ல முடியும். ஆனால் பாசி ஏறினால் சென்சார் தப்பாகக் காட்டும். அதனால் லேபில் அழுக்கோடு ஒரு காலிப்ரேஷன், அதாவது அளவுச் சரிபார்ப்பு; கழுவியபின் இன்னொன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பாசியின் வேலை, மிச்ச மாற்றம் கடலுடையது. முதலிலேயே கழுவிவிட்டால் எது எதுவென்று பிரம்மாவாலும் பிரிக்க முடியாது.

லேபுக்குப் பூஜை விடுமுறை. அதனால்தான் துறைமுகத்திலிருந்து வந்த வேன் தாமோதரனின் ஊரான திருத்தணியில் நின்றது. எங்கள் விஞ்ஞானி மேடம் மலையில் தரிசனம் முடித்து நேரே அங்கே வந்தார். பார்த்ததும் வேன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டே அவர் மீட்டு வந்தவை அவை. எனக்கே அழுகை வந்தது.

விஷயம் போனில் மேலதிகாரிக்குப் போயிற்று. "டிரைவர் மேல ரிப்போர்ட் எழுதுங்க. அந்த ஆளு இனிமே வேணாம்" என்றார். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது. தாமோதரன் தலை குனிந்து நின்றார்.

மேடம் அவரிடம் கேட்டார்: "கழுவக் கூடாதுன்னு உங்ககிட்ட யாராவது சொன்னாங்களா?"

"இல்லீங்க. குலுங்காம ஓட்டணும்னுதான் சொன்னாங்க."

மேடம் போனில் சொன்னார்: "இந்த டேட்டா சந்தேகம்னு குறிச்சிடறேன் சார். ரிப்போர்ட்டை என் பேர்ல எழுதறேன். சொல்லாதது நாங்க."

சரளா கண்ணைத் துடைத்துக்கொண்டு பொரி கொண்டுவந்தார். "கடலுக்கு இன்னாங்க மேடம் ஆச்சி?"

மேடம் பொரியை மென்றபடி முதலிலிருந்து விளக்கினார். ஊர் ஊராக ஸ்லைடு போட்டுக் கடலைப் பற்றிப் பேசிய நாங்கள், சென்சார் பெட்டியைச் சுமந்து வந்தவருக்கு அன்றுதான் சொன்னோம். வேலையில் நான் கற்ற பெரிய பாடம் அது.

தாமோதரன் கடைசிவரை கேட்டுவிட்டுத் தயங்கினார். "அப்போ அடுத்த பெட்டி வர இன்னும் ரெண்டு வருஷம் ஆவுமா மேடம்?"

"ஆகும்."

"அத்த யாரு எடுத்துகினு வருவா?"

"நீங்கதான்" என்றார் மேடம்.