எல்லாத் தெருவுக்கும் ஒன்று

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். கீழ்க்கட்டளை ஹில்டாவுக்கு ஒரு பக்கம் அவள் குடியிருக்கும் தெரு, மறுபக்கம் தாம்பரத்தில் அவள் வேலை பார்க்கும் தண்ணீர் லாரி கம்பெனி. லாரி வரவில்லை என்றால் புகார் போடும் வலைத்தளம் அவள் எழுதியதுதான். அந்த மாதம் எந்தத் தெருவிலிருந்து அதிகப் புகாரோ, அதற்கே முதல் லாரி.

"நீ அங்கதான வேலை செய்யறே? நம்ம தெரு மட்டும் இன்னா பாவம் பண்ணிச்சு?" என்று எதிர்வீட்டுக் கிளியம்மாள் தினமும் கேட்பாள். ஹில்டாவுக்கு வெட்கமாக இருக்கும்.

ஒருநாள் தளத்தின் நிரலை நோண்டிப் பார்த்தாள். அறிக்கையில் எல்லாத் தெருவுக்கும் புகார் ஒன்றே ஒன்று. புதுப் புகார் மேலே தெரியட்டும் என்று ஆறு வருடத்துக்கு முன் அவளே வைத்த நேர வரிசைதான் காரணம். கேட்காமலே அது எல்லாக் கணக்கெடுப்பிலும் போய் ஒட்டிக்கொள்ளும். தெருவாரியாக எண்ணச் சொன்னால் தெருவையும் நேரத்தையும் சேர்த்துப் பிரிக்கும். ஒரே நொடியில் இரண்டு புகார் வருமா? ஒவ்வொரு புகாரும் தனிக் கூட்டமாகி, ஒன்று ஒன்று என்றே எண்ணப்பட்டது. திரையோ தெருவுக்குக் கடைசி வரியை மட்டும் காட்டியது. எல்லாம் சமம்தானே என்று லாரிகள் கம்பெனிக்குப் பக்கத்துத் தெருக்களாகப் பார்த்துப் போயின. தன் தெருவின் வாயைத் தானே அடைத்திருக்கிறாள் பாவி.

எண்ணும் இடத்தில் மட்டும் அந்த வரிசையைக் கழற்றினாள். அரை வரி வேலை. அவள் தெரு நாற்பத்து மூன்று புகாருடன் உச்சியில் ஏறி நின்றது.

முதலாளி பத்ரிநாராயணன் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இது உங்க தெருவாச்சேம்மா?"

"இப்பதான் சார் சரியா எண்ணுது. தப்பு என்னோடதுதான்."

"ஆறு வருஷமா வராத நம்பர் திடீர்னு வந்தா யாரு நம்புவா? ஸ்டாஃப் தெருவுக்கு மொத லாரின்னு நாளைக்கே பேசுவாங்க. பழையபடி வெச்சிடுங்க."

"சார், அங்க நிஜமாவே தண்ணி இல்ல சார்."

"வேலை வேணுமா, வேணாமா?"

படுத்த படுக்கையாகக் கிடக்கும் கணவன் ஏசுபாதத்தை விட்டுவிட்டு, ஐம்பதை நெருங்கும் வயதில் அவள் எங்கே போய் வேலை தேடுவாள்? கழற்றியதைத் தன் கையாலேயே திரும்ப மாட்டினாள்.

சாயங்காலம் காலிக் குடத்தோடு வாசலில் நின்ற கிளியம்மாள் அவளைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னிக்கும் ஒண்ணு போட்டுட்டேன் ஹில்டா. வுடாம போட்டுகினே இருந்தா ஒருநாள் கண்ணத் தொறந்து பாப்பாங்க இல்ல?"

"போடுங்கக்கா," என்றாள் ஹில்டா. கிளியம்மாளின் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை.