தள்ளி வைத்த குடம்

கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த தோட்டத்தில் பன்னிரண்டு வீடுகளுக்கு ஒரே ஒரு தண்ணீர் பைப். தோட்டம் என்றதும் மரம் செடி என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டிக் கட்டிய அறைவீடுகள், நடுவில் ஒரு சந்து, அவ்வளவுதான். என் கணவர் துறைமுகத்தில் கிளார்க். யாழ்ப்பாணத்திலிருந்து கல்யாணம் முடித்து வந்த எனக்கு எங்கள் ஊர்க்காரர் நிறைய இருந்த வெள்ளவத்தையில் குடியிருக்கத்தான் ஆசை. யுத்த காலத்து வாடகைக்கு அவருடைய சம்பளம் கொட்டாஞ்சேனையைத் தாண்டவில்லை.

விடியற்காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் வரும். ஆறரைக்கு நூலாக இளைத்துவிடும். எங்கள் தோட்டத்தில் ஆட்கள் வரிசையில் நிற்பதில்லை, குடங்கள்தான் நிற்கும். எழும்பியதும் குடத்தைக் கொண்டுபோய் வரிசையில் வைத்துவிட்டு வந்து அடுப்பு மூட்டலாம். முன்குடம் போனால், அங்கே நிற்கிற யாரும் உங்கள் குடத்தை ஓரடி முன்னே நகர்த்திவிடுவார்கள். பின்னால் மட்டும் யாரும் தள்ளமாட்டார்கள். குடத்தில் கை வைப்பதும் ஆளில் கை வைப்பதும் ஒன்றுதான் என்று எல்லோருக்கும் தெரியும்.

என் வாயைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். மீன்காரன் நிறுவையில் விளையாடினால் சந்து முழுக்கக் கேட்கக் கத்துவேன். கக்கூஸ் கதவு உடைந்து ஒரு மாதம் கிடந்தபோது, வாடகைக்கு வந்த ஆளை மறித்து, "இதைத் திருத்திப்போட்டு வந்து காசைக் கேளும்" என்று விரட்டியதும் நான்தான். பெண்களுக்கு என்ன மனக்குறை என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்த வருஷம் கடைசி வீட்டுக்கு இந்தியாப் பக்கத்துப் பெண் ஒருத்தி குடிவந்தாள். துறைமுகத்தில் மூட்டை விழுந்து புருஷனுக்குக் கால் முறிந்து படுக்கை. இரண்டு சின்னப் பிள்ளைகள். தேயிலை ஸ்டோரில் தூசி பொறுக்கும் வேலைக்குப் போய் அவள்தான் குடும்பத்தைப் பார்த்தாள். ஸ்டோர் கேற்றை ஏழு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். மூன்று நாள் பிந்தினால் கங்காணி பெயரை வெட்டிவிடுவான். அதனால் எல்லோருக்கும் முன்னதாக எழும்பி, இரண்டாவது மூன்றாவது குடமாக வைத்துவிடுவாள். நாலு பேருக்குத் தண்ணீர் பிடித்து, சோறாக்கி, புருஷனுக்கு எடுத்து வைத்துவிட்டு ஓடவேண்டும். நின்று கதைக்க அவளுக்கு எங்கே நேரம்?

ஒரு நாள் காலை மூலை வீட்டுக்காரி வந்தாள். அவளுடைய கைக்குழந்தை உள்ளே வீரிட்டுக்கொண்டிருந்தது. அவசரத்தில் அந்தப் பெண்ணின் குடத்தைத் தூக்கி வரிசையின் கடைசியில் வைத்துவிட்டுத் தன் குடத்தை அந்த இடத்தில் வைத்தாள். ஏழெட்டுப் பேர் நின்றோம். எல்லோரும் பார்த்தோம்.

வேறு நாளாக இருந்தால் கிழித்திருப்பேன். அன்று விடியவே வீட்டில் சண்டை. என் தங்கச்சியின் கல்யாணத்துக்கு ஊருக்குப் போக லீவு கேட்கமாட்டேன் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். அழுத முகத்தோடு நின்ற எனக்கு யாரோடும் வாய் கொடுக்க மனமில்லை. தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த நாள் இன்னொருத்தி தள்ளினாள். நேற்றுப் பேசாமல் இருந்துவிட்டு இன்றைக்கு எந்த முகத்தோடு பேசுவது? மூன்றாம் நாள் எனக்கே ஒரு நியாயம் கிடைத்தது. வந்து இத்தனை நாளாக ஒரு சிரிப்பு உண்டா, ஒரு கதை உண்டா, சரியான கெப்பர்க்காரி என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னேன். நாலாம் நாள் அந்தக் குடத்தைப் பின்னுக்குத் தள்ளியது இந்தக் கைதான். நாசமாய்ப் போன கை. அவள் அப்போது உள்ளே அடுப்படியில் நின்றாள்.

அந்தக் கிழமை முடிவதற்குள் ஒரு நாள், எட்டு மணிக்கே சாப்பாட்டுத் தூக்கோடு அவள் திரும்பி வந்தாள். பெயரை வெட்டிவிட்டார்கள். எங்களைத் தாண்டி நேரே கடைசி வீட்டுக்குள் போய்விட்டாள்.

பின்னேரம் பக்கத்து வீட்டு அக்காவிடம் போனேன். செவ்வாய் தவறாமல் கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போகிறவர், நல்ல மனுசி.

"ஏனக்கா நாங்கள் ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை?" என்றேன்.

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "எனக்கு முதல் நாளே மனசு கேக்கல்ல தங்கச்சி. ஆனா நீங்களே பாத்துக்கொண்டு சும்மா நிண்டீங்க. எல்லாத்துக்கும் சண்டைக்குப் போற ஆள் பேசாம நிக்கிறாவெண்டா, அந்தப் புள்ளையில ஏதோ பிழை இருக்கும் எண்டுதான் நாங்க நினைச்சோம்."

மற்றவர்களையும் கேட்டேன். ஐயோ, எல்லோருக்கும் அதே பதில்தான். மூலை வீட்டுக்காரிகூட, "ஒரு நாளைக்கு எண்டுதான் தள்ளினனான். நீங்கள் ஏசுவியள் எண்டு பாத்தன், ஏசேல்லை" என்றாள். கூட்டத்தில் நிற்கிறவர்கள் அடுத்தவர் முகத்தைப் பார்த்துத்தான் எது சரி, எது பிழை என்று முடிவெடுக்கிறார்கள் என்று பின்னாளில் மனத்தைப் பற்றிய புத்தகங்களில் வாசித்தேன். அவர்கள் பார்த்தது என் முகத்தை. அது புருஷனோடு சண்டை பிடித்த முகம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அவளிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று இரண்டு நாள் நினைத்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் காலை அவளே என் வாசலில் வந்து நின்றாள். பின்னால் புருஷன் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றான். பிள்ளைகளின் கையில் மூட்டைகள். மலைநாட்டில் அண்ணன் வேலை செய்யும் எஸ்டேட்டுக்குப் போகிறார்களாம். மருதானையில் ரயில் ஏறவேண்டுமாம்.

"மத்தவங்ககிட்ட சொல்லிக்கல அக்கா. உங்ககிட்ட மட்டும் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றாள். "எல்லாரும் கொடத்தத் தள்ளித் தள்ளி வச்சாங்க. நீங்க ஒருத்தருதான் அதுல கை வைக்கல, என்னைய ஒரு வார்த்த சொல்லல. இங்க ஒரு நல்ல மனுசி இருக்காங்கன்னு இவருகிட்ட தெனமும் சொல்லுவேன்."

இப்போதாவது சொல் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. மீன்காரனிடமும் வாடகைக்காரனிடமும் அப்படிக் கத்திய வாய்.

"ஓம் பிள்ளை, கவனமாய்ப் போ" என்றேன்.

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். நான் அதை வாங்கிக்கொண்டேன்.