பாத்தியில் பதிந்த முதுகு

எங்கள் அண்ணனுக்கு டிவியில் வரும் மல்யுத்தக்காரனாக வேண்டும் என்ற ஆசை பிடித்த வருஷம், மரக்காணத்தில் அவனுக்கு அறிவுரை சொல்லாத வாய் ஒன்றுகூட மிச்சமில்லை. அவன் அப்போது பத்தாவது. உடம்பு என்னமோ காலேஜ் முடித்தவனுக்கு உள்ளது. அரையாண்டுப் பரீட்சையில் கணக்கிலும் இங்கிலீஷிலும் கோட்டை விட்டிருந்தான். அதைப் பற்றிக் கேட்டால் மட்டும் காது கேட்காது. வடக்கே எங்கேயோ மல்யுத்தம் சொல்லித் தருகிற பள்ளிக்கூடம் இருக்கிறதாம், மாசி பிறந்ததும் ரயிலேறப் போகிறானாம், பொதுத் தேர்வு எழுதப் போவதில்லையாம். இதைச் சோறு தின்றுகொண்டே சொன்னான். சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி குழம்பு கேட்டான்.

டீக்கடைக்காரர் பச்சை முட்டையை உடைத்துக் குடிக்கச் சொன்னார். டியூஷன் வாத்தியார், இந்த உடம்புக்குப் போலீஸ்தான் சரி என்றார். கூனிமேட்டில் கறிக்கடை வைத்திருந்த பாய், "பஹில்வான் ஆவணும்னா ஆட்டுக்கால் சூப்புதான் தம்பி, மத்ததெல்லாம் வேஸ்ட்டு" என்று சொல்லி, எலும்பு கொஞ்சம் சேர்த்தே போட்டுக் கொடுத்தார். இப்படி ஊரே சேர்ந்து உசுப்பேற்றியதில் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததைவிட அம்மாவின் வயிறு எரிந்ததுதான் அதிகம்.

அப்பாவுக்கு அதிகம் பேச்சு வராது. ஒரு நாள் டிவியை அணைத்துவிட்டு, "அது எல்லாம் நடிப்புடா. அடிக்கற மாதிரி அடிப்பான், இவன் வுழற மாதிரி வுழுவான்" என்றார்.

"வுழற மாதிரி எப்படிப்பா வுழ முடியும்? வுழுந்தா வுழுந்ததுதான?" என்றான் அண்ணன். அப்பா எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு உப்பளத்துக்குப் போய்விட்டார்.

அம்மாவின் ஒப்பாரி தனி ரகம். "ஒத்தப் புள்ளய பெத்து வளத்து எவனோ மிதிக்கறதுக்கு அனுப்பவா? அய்யோ என் தலையெழுத்தே!" அந்த ஒற்றைப் பிள்ளைக்கு அடுத்துப் பிறந்த நான் பக்கத்திலேயேதான் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருப்பேன். நான்காவது படிக்கிறவளுக்கு அதில் கோபப்படத் தெரியாது. எனக்கும் அழுகை வரும், அண்ணன் போய்விடுவானே என்று.

அவன் போய்விடுவான் என்பது எனக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். ஏனென்றால் அவனுடைய பயிற்சி முழுக்க என்மேல்தான் நடந்தது. முதலில் அவன் கூட்டாளிகளைத் தூக்கிப் போட்டுப் பார்த்தான். ஒருவனுக்குக் கை பிசகி, அவனுடைய அம்மா எங்கள் வாசலில் வந்து நின்று கொடுத்த அர்ச்சனையைத் தெருவே கேட்டது. அதற்கப்புறம் ஒருவனும் கிட்டே வரவில்லை. மிச்சம் நான் ஒருத்திதான். தூக்குவதற்கு லேசு, வெளியே சொல்லவும் மாட்டேன். ஒரு தடவை விழுந்தால் மல்யுத்த வீரர் படம் போட்ட கார்டு ஒன்று கூலி.

இடம்கூட அவன்தான் தேர்ந்தெடுத்தான். மழைத் தண்ணீர் வடிந்து தை பிறந்ததும் எங்கள் பக்கம் உப்புப் பாத்தி மிதிப்பார்கள். களிமண் தரையை ஆட்கள் வரிசையாக நின்று காலாலேயே மிதித்து மிதித்து இறுக்க வேண்டும், கண்ணாடி மாதிரி சமமாக்க வேண்டும். ஒழுங்காக மிதிக்காவிட்டால் வாரும்போது உப்போடு சேறும் ஏறிவரும். கறுத்த உப்பை எவன் வாங்குவான்? ஆனால் மிதித்து முடித்த சில நாள், வெயில் ஏறிக் காய்கிறவரை, அந்தத் தரை மெத்தைதான். உப்பளத்துக்காரன் பிள்ளைக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை இது. வேறெவனுக்கும் இவ்வளவு அறிவும் இருக்காது, இவ்வளவு அறிவு கெட்டத்தனமும் இருக்காது. சாயங்காலம் ஆட்கள் கிளம்பியதும், அப்பா இடுப்பொடிய மிதித்து வைத்த பாத்தியில் என்னைத் தலைக்கு மேல் தூக்கிப் பொத்தென்று போடுவான்.

எனக்கு வலித்ததே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், பறக்கிற மாதிரிதான் இருக்கும். வயிறு ஒரு தடவை மேலே போய்த் திரும்பி வரும். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று நானே கேட்பேன். அவனுக்குத்தான் மூச்சு வாங்கும்.

நான்கைந்து நாள் போனது. ஒரு காலை, பாத்திக்குத் தண்ணீர் விடலாமா என்று பார்க்கப் போன அப்பா அரக்கப் பரக்கத் திரும்பி வந்து அம்மாவை இழுத்துக்கொண்டு போனார். நானும் பின்னால் ஓடினேன். ஈரத் தரையில் ஒரு சின்ன உடம்பு அச்சு அச்சாகப் பதிந்து கிடந்தது. முதுகு, விரித்த கைகள், பாவாடையின் மடிப்பு எல்லாம் அப்படியே தெரிந்தன. அம்மா முதலில் பேயோ பிசாசோ என்று மாரியாத்தாளைக் கூப்பிட்டாள். அப்புறம் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து என் பாவாடையைப் பார்த்தாள்.

அன்றைக்கு அண்ணன் வாங்கிய அடி ஊருக்கே தெரியும். அப்பா செருப்பைக் கழற்றி வீசியதை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. "மிதிச்ச பாத்தியும் போச்சு, பொண்ணு கழுத்து ஒடிஞ்சிருந்தா இன்னாடா பண்ணியிருப்ப?" அண்ணன் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, "மாசி பொறந்ததும் நான் போறேன்" என்று மட்டும் சொன்னான். அம்மா என் பக்கம் திரும்பி, "உனக்கு அப்புறமா இருக்குதுடி" என்றாள். அந்த 'அப்புறம்' எப்போது வரும் என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

உப்பு லாரி ஓட்டிக்கொண்டிருந்த சித்தப்பா கேள்விப்பட்டு வந்தார். "அடிச்சாலாம் கேக்க மாட்டாண்ணே. முள்ள முள்ளாலதான் எடுக்கணும். எங்கிட்ட ஒரு ஆள் இருக்குது" என்றார். அந்த ஆள் பல வருஷம் மேடையில் நிஜமாகவே மல்யுத்தம் போட்டவராம். இப்போது பெரிய முதலியார்சாவடியில் ஒரு ஓட்டல் வாசலில் செக்யூரிட்டி. வந்து பையனை நன்றாகப் பயமுறுத்திவிட்டுப் போகச் சொல்லியிருந்தார் சித்தப்பா. அம்மா உடனே இறால் வாங்க ஆள் அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தபோது நாங்கள் எல்லோரும் பாத்தியில் இருந்தோம். கெட்டுப்போன தரையை ஒரு ஓரத்திலிருந்து மறுபடி மிதித்துக்கொண்டிருந்தோம். அப்பா, அம்மா, அண்ணன், வால் மாதிரி நான். வரப்பில் சித்தப்பாவுக்குப் பின்னால் நடந்து வந்த மனிதர் மலை மாதிரி இருந்தார். ஆனால் கழுத்தை மட்டும் திருப்ப முடியவில்லை. யாரையாவது பார்க்க வேண்டுமென்றால் உடம்போடு திரும்பினார்.

சொல்லிக் கொடுத்தபடியே ஆரம்பித்தார். கழுத்து போன கதை, பல் போன கதை, தோள் எலும்பு இறங்கியதோடு இன்னும் ஓர் ஆட்டம் ஆடிய கதை. "ஒடம்பு நல்லா இருக்கறவரைக்கும் கைதட்டுவான் தம்பி. அப்புறம் கேட்டைத் தொறந்து வுடச் சொல்லுவான்." நினைத்ததற்கு நேர்மாறாக, ஒவ்வொரு கதைக்கும் அண்ணன் கண் பெரிதாகிக்கொண்டே போனது. "அண்ணே, அந்தப் பல்லு எங்க வுழுந்துது?" என்று கேட்டான். அம்மா சித்தப்பாவை முறைத்த முறைப்பில் சித்தப்பா லாரியையே மறந்துவிட்டு ஓடியிருப்பார்.

வந்தவர் சிரித்தார். பேன்ட்டை முட்டிவரை சுருட்டினார். "சரி, பேச்சு எதுக்கு. வா, எறங்கு" என்றார்.

ஓங்கி அடித்துப் போடவெல்லாம் இல்லை. தூக்கினார், இடுப்பு உயரத்திலிருந்து விட்டார், அவ்வளவுதான். அண்ணன் முழங்கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், பின்மண்டை மடேரென்று முதலில் இறங்க விழுந்தான். இத்தனை நாளும் தூக்கியவன்தானே அவன். விழுந்து பழக்கமே இல்லை. மூச்சு வரவில்லை. வாயைத் திறக்கிறான், திறந்தது திறந்தபடி நிற்கிறது. அம்மா போட்ட கூச்சல் ஈ.சி.ஆர். ரோடு வரை கேட்டிருக்கும். அப்பா சேற்றில் மண்டியிட்டு அவன் தலையை மடியில் எடுத்துக்கொண்டு, "சாமி, சாமி" என்று நெஞ்சைத் தடவினார். செருப்பு வீசிய கை அது.

அப்புறம் ஒரு பெரிய இழுப்பாக மூச்சு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. மீசை அரும்பிய பையன் அப்பா மடியில் கிடந்து, "நான் வரலப்பா... எங்கயும் போவலப்பா... பரீட்ச எழுதறேன்ப்பா" என்று விம்மினான்.

அப்பாடா! அம்மா முந்தானையால் அவன் முகத்துச் சேற்றைத் துடைத்தாள், நெட்டி முறித்தாள், உச்சந்தலையில் முத்தம் கொடுத்தாள். வந்தவரைத் திட்டினாள். திட்டிய வாயாலேயே, "சாப்புட்டுட்டுத்தாண்ணே போவணும்" என்றாள். அப்பா சிரித்தார். சித்தப்பா, "நான் சொன்னேன்ல, நான் சொன்னேன்ல" என்று எல்லோரிடமும் சொன்னார். எங்கள் வீட்டுத் தலைமேல் இருந்த பாரம் இறங்கியது எனக்கே தெரிந்தது. அண்ணன் போகமாட்டான். எனக்கும் அழுகை வந்தது.

சாப்பிடக் கிளம்பும்போதுதான் வந்தவர் நின்றார். நாங்கள் இன்னும் மிதிக்காத மூலையில் பழைய அச்சுகள் காய்ந்தும் காயாமலும் இருந்தன. மெல்ல முட்டிபோட்டு உட்கார்ந்தார். பதிந்திருந்த சின்னக் கைமேல் தன் கையை வைத்துப் பார்த்தார். தலை இருக்க வேண்டிய இடத்தைத் தடவினார். அங்கே பள்ளமே இல்லை.

"இது யாரு?"

அம்மா என்னை முன்னால் தள்ளினாள். வந்துவிட்டது 'அப்புறம்' என்று பாவாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"தலைய மண்ணுல படாம தூக்கி வெச்சிருக்கியே பாப்பா. யாரு சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்ல மாமா. அளத்துத் தண்ணி கண்ணுல பட்டா எரியும். அதான்."

உண்மை அதுதான். வழுக்குகிற வரப்பில் குடத்தோடு நடந்து வளர்ந்தவள் நான். விழுந்தால் மோவாயை நெஞ்சோடு ஒட்டி, வாயை மூடி, கையை விரித்து அடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உப்புத் தண்ணீர் கண்ணைப் பிடுங்கிவிடும்.

"ஒருக்கா வுழு, பாப்போம்."

வரப்பில் ஏறி நின்று பின்பக்கமாக விழுந்தேன். எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டேன். நான் விழுந்த இடத்தை அவர் தடவிப் பார்த்தார். அப்புறம் என் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

"இங்க பாரு. கழுத்து இன்னும் பிஞ்சு. இனிமே உங்கண்ணன் தூக்கறேன்னா வுடாத."

"நல்லா சொல்லுங்கண்ணே! கேட்டுக்கோடி!" என்றாள் அம்மா.

அவர் அம்மாவைப் பார்க்கவில்லை. "ஆனா இத மறந்துடாத. படி, நல்லா சாப்புடு, ஓடு. பெரியவளானதும் எங்கிட்ட வர்றியா?"

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அண்ணனுக்கு வைத்த அதே பரீட்சை. அதற்கு எது சரியான விடை என்று இப்போதுதானே பார்த்தேன். அந்த விடையைச் சொன்னவனுக்கு எத்தனை முத்தம் கிடைத்தது என்றும் பார்த்தேன்.

"வரல மாமா. எங்கயும் போவல. இனிமே வுழவே மாட்டேன்."

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். அம்மா என்னை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள். அப்பா என் தலையில் கை வைத்து, "சமத்து" என்றார். அவர் என்னிடம் அந்த வார்த்தையைச் சொன்னது அபூர்வம். அடி கிடையாது என்பது அந்தக் கையிலேயே தெரிந்துவிட்டது.

வந்தவர் மட்டும் சிரிக்கவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பா முகத்தைப் பார்த்தார், அம்மா முகத்தைப் பார்த்தார், உடம்போடு திரும்பித் திரும்பி. அப்புறம் எழுந்து சேற்றைத் துடைத்துக்கொண்டு எங்களோடு சாப்பிட வந்தார். இறால் குழம்பை அம்மா அள்ளி அள்ளி ஊற்றியும் இரண்டாம் சோறு வேண்டாம் என்றுவிட்டார். அம்மாவுக்கு அதில் வருத்தம், உப்பு கூடிவிட்டதோ என்று.

எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அண்ணன் போகவில்லை, அடியும் விழவில்லை. அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டுக்கு வந்த அத்தனை அறிவுரையும் அண்ணனுக்கு வந்ததுதான். ஒன்றே ஒன்றுதான் எனக்கு வந்தது. அவர் கேட்டது பரீட்சை இல்லை, கேள்வி என்பது, சரியான விடை சொல்லிவிட்ட சந்தோஷத்தில் எனக்குத் தெரியவில்லை.