முறையாக அழைக்கப்படாத தலைமைக் கிராணி

பினாங்கு பீச் ஸ்ட்ரீட்டில், கப்பல் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் ஏரம்பமூர்த்தி தலைமைக் கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. இருபது வருடத்துக்கு மேல் அங்கேயே உட்கார்ந்திருந்ததில், கம்பெனி தன்னை நம்பித்தான் நிற்கிறது என்று அவர் முடிவு கட்டியிருந்தார். எண்பத்து நாலில், அவரை ஒரு வார்த்தை கேட்காமல், ஜுரு பக்கத்து முதலாளி ஒருவருக்கு அதை விற்றுவிட்டார்கள்.

லாரி ஓட்டுநர்கள் முதல் டைப்பிஸ்ட் நோர்மா வரை கலங்கிப்போய் அவர் மேசையைச் சூழ்ந்தார்கள். ஏரம்பமூர்த்தி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு சட்டம் சொன்னார்.

"முதலாளி மாறினா வேலை போகாது. புது ஆள் பழைய சம்பளத்துக்குக் குறையாம வேலை தந்தா, உங்கட பழைய சர்வீஸ் அப்படியே தொடரும். காரணமில்லாம மாட்டன் எண்டு சொன்னா, வேலையும் இல்லை, நட்டஈடும் இல்லை. போய்க் கையெழுத்துப் போடுங்கோ."

எல்லோரும் போட்டார்கள். அவர் மட்டும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஆயர் ஈத்தாம் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

வெள்ளி மாலைக்குள் எல்லா ஊழியர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று பலகையில் ஒட்டிய அறிவிப்பை எழுதியவரே அவர்தான். எழுதும்போது, 'எல்லா' என்பதற்குள் தாமும் அடக்கம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நம் ஆட்கள் அப்படித்தான். வீடு தேடி வந்து முறையாக அழைக்காவிட்டால் சொந்தத் தம்பி மகள் கல்யாணத்துக்கும் போக மாட்டோம். போகாமலே, அங்கே சாம்பாரில் உப்புக் கூடியதா என்று மட்டும் விசாரிப்போம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஸ்டோர் சீனி முகம்மது வியர்த்து விறுவிறுக்க வந்து நின்றான்.

"அண்ணே, இன்னைக்கு அஞ்சு மணியோட முடிஞ்சிடும்லா! உங்க பேருக்கு நேரா மட்டும் காலியா கிடக்கு."

"புது முதலாளி என்னை வந்து கேட்டவரா?"

"அவருக்கு உங்களைத் தெரியவே தெரியாதுண்ணே."

"பாத்தியளே!" என்று மனைவியைப் பார்த்தார், வழக்கில் வென்றவர் மாதிரி.

செல்வநாயகிக்குப் பொறுக்கவில்லை. "விசர்க் கதை கதையாதேங்கோ. ஊருக்கெல்லாம் சட்டம் சொல்லிப்போட்டு, உங்கட இருபது வருசத்தைச் சாக்கடைக் கானுக்குள்ள கொட்டப் போறியளோ?" என்றவள், தட்டில் வெற்றிலையும் கற்கண்டும் வைத்து சீனி முகம்மது கையில் திணித்தாள். "தம்பி, நீங்களே அழையுங்கோ."

அவன் தட்டை நீட்டி, "அண்ணே, நம்ம கம்பெனிய வித்துட்டாங்க. நீங்க அவசியம் வந்து நடத்திக் குடுக்கணும்," என்றான்.

ஏரம்பமூர்த்தி ஒரு கற்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "அக்காவையும் சேர்த்துச் சொல்லேல்லை," என்று மனைவியைக் காட்டினார்.

"எனக்கு அங்க சர்வீஸ் இல்லை. நீங்க போங்கோ!"

பஸ் ஊர்ந்தது. அவர்கள் கம்பெனிப் படியேறும்போது நோர்மா அலமாரியைப் பூட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே புது முதலாளி, காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "நெக்ஸ்ட்," என்றார்.

அதைத் தமக்கான தனி அழைப்பாக ஏற்று, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, ஏரம்பமூர்த்தி பெரிய மனதோடு கையெழுத்திட்டார்.